செங்கல்பட்டில் போட்ட தீர்மானம்

போன இதழில் மழைக்காலச் சளிக்குக் கஷாயம் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களுக்கு நடுவே, மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி வேறு மாதிரி ஒன்று எழுதியிருந்தார். "அக்கா, என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பெண்களுக்கு ஓட்டுரிமை எப்படி வந்தது என்று கட்டுரை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். காந்தி வாங்கிக் கொடுத்தாரா, வெள்ளைக்காரன் கொடுத்தானா என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அதோடு இன்னொன்று. என் தம்பிகள் வீட்டுச் சொத்தில் ஒரு கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?"

இரண்டு கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்து அந்தச் சகோதரி எழுதியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான். எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

முதலில் பெண்ணின் கட்டுரைக்கு வருவோம். காந்தியும் இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை. கேட்டது பெண்கள்தான். அதுவும் நம்ம பக்கத்திலேயே, அடையாறில்.

1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அன்னிபெசன்ட் அம்மையார் தலைவர். மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா என்று இரண்டு சீமைப் பெண்கள் முன்னின்று உழைத்தார்கள். நம்மூர்ப் பெண்களும் சேர்ந்தார்கள். அதே வருஷம் டிசம்பரில், இந்தியாவுக்கு என்ன சீர்திருத்தம் செய்யலாம் என்று பார்க்க லண்டனிலிருந்து மாண்டேகு என்ற மந்திரி வந்தார். அவரும் வைஸ்ராய் செம்ஸ்போர்டும் சென்னையில் இருந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு போய்ப் பார்த்தது. அவர்கள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம்தான். ஓட்டுப் போடுகிறவர்கள் யார் என்று சட்டம் எழுதும்போது 'மக்கள்' என்று சொல்கிறீர்களே, அந்த மக்களில் எங்களையும் சேர்த்து எண்ணுங்கள் என்றார்கள். கூடவே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வைத்திய வசதியும் கேட்டார்கள்.

அப்புறம் சவுத்பரோ என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி ஊர் ஊராகப் போய் விசாரித்தது. முடிவில் என்ன சொன்னார்கள் தெரியுமா? இந்தியப் பெண்கள் கோஷாவில் இருக்கிறவர்கள், இப்போதைக்கு ஓட்டெல்லாம் சரிப்படாது என்று சொல்லிவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சொந்த நாட்டிலேயே 1918-ல்தான் பெண்களுக்கு ஓட்டு வந்தது. அதுவும் 30 வயது நிரம்பியிருக்க வேண்டும், வீடு வாசல் தகுதி இருக்க வேண்டும் என்று ஏகப்பட்ட நிபந்தனை. ஆண்களைப் போல 21 வயதில் ஓட்டுப் போட இங்கிலாந்துப் பெண்கள் 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியூசிலாந்தில் மட்டும் 1893-லேயே கொடுத்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்து எவ்வளவு பெரிய முன்னேறிய தேசம் என்கிறோம். அங்கே 1971 வரை தேசத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுக் கிடையாது. நம்ப முடிகிறதா? அப்போது நம் ஊர்ப் பெண்கள் ஐந்து பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டு முடித்திருந்தார்கள்.

கமிட்டி மாட்டேன் என்றதும் நம் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1919-ல் கப்பல் ஏறி லண்டனுக்கே போய்விட்டார்கள். சரோஜினி நாயுடு, அன்னிபெசன்ட், பம்பாயிலிருந்து ஹீராபாய் டாடா என்ற ஒரு பார்ஸி அம்மாள், கூடவே அவர் மகள் மிதன். தாயும் மகளுமாகப் போய்ப் பாராளுமன்றத்துக் கமிட்டியிடம் சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். அந்த மகள் அங்கேயே தங்கிச் சட்டம் படித்து, பின்னால் பம்பாயில் பாரிஸ்டரானார்.

கடைசியில் லண்டன்காரர்கள் பந்தைத் தட்டிவிட்டார்கள். நாங்கள் கொடுக்கவும் மாட்டோம், தடுக்கவும் மாட்டோம், அந்தந்த மாகாண சட்டசபையே முடிவு செய்துகொள்ளட்டும் என்று 1919 சட்டத்தில் எழுதினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் முதல் மாகாணமாக அதைச் செய்தது நம் சென்னை ராஜதானிதான். 1921-ல், நீதிக்கட்சி ஆட்சியில், ஓட்டுக்குப் பெண் என்பது தடையில்லை என்று சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது. பம்பாய் அதே வருஷம் பின்னாலேயே வந்தது. வங்காளம் 1925-ல்தான்.

கட்டுரைக்கு இதுவே போதும். மார்க் வாங்கிவிடலாம். ஆனால் நம் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1921-ல் ஓட்டு வந்ததே, யாருக்கு வந்தது? வயது வந்த எல்லோருக்கும் அல்ல. அந்தக் காலத்தில் ஓட்டு என்பது சொத்துக்குத்தான். குறிப்பிட்ட தொகைக்கு மேல் நிலவரி கட்டியிருக்க வேண்டும், அல்லது டவுனில் வீட்டுவரி, அல்லது வருமான வரி. ஆண்களிலேயே பத்தில் ஒருத்தருக்குக் கூட ஓட்டு இருந்தால் அதிகம். இதில் பெண்களுக்குத் தடையில்லை என்றால் என்ன அர்த்தம்? உன் பேரில் பட்டா இருந்தால் வா, போடு என்று அர்த்தம்.

எந்தப் பெண் பேரில் பட்டா இருந்தது? உங்கள் பாட்டியின் அம்மாவை நினைத்துப் பாருங்கள். களை எடுத்தது அவள், நாற்று நட்டது அவள், நெல் அவித்தது அவள். பட்டா மாமனார் பேரில் இருக்கும், மாமனாருக்கு அப்புறம் புருஷன் பேரில், புருஷனுக்கு அப்புறம் மகன் பேரில். ஆண்பிள்ளை பெறாமல் விதவையானவள் பேரில் சில இடத்தில் இருந்திருக்கலாம். அதுவும் அவள் ஆயுசு வரைக்கும் அனுபவிக்கலாம், விற்கக் கூடாது. அவளுக்கென்று சீதனமாக வந்தது நாலு நகை. அதுவும் பஞ்ச வருஷத்தில் சேட்டுக் கடைக்குப் போய்விடும். அதனால் வாசலைத் திறந்துவிட்டார்கள், உள்ளே போகிற படியைத்தான் வைக்கவில்லை.

ஆனாலும் திறந்த வாசல் திறந்ததுதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1926-ல் பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்றும் ஆனது. அப்போது சென்னை ராஜதானியில் இருந்த மங்களூரிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய நின்று, சொற்ப ஓட்டில் தோற்றார். புதுக்கோட்டையில் பிறந்து, பையன்கள் மட்டும் படித்த கல்லூரியில் ஒற்றைப் பெண்ணாகச் சேர்ந்து, 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கிய முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை அரசாங்கமே சட்டசபைக்கு நியமித்தது. 1927-ல் அங்கே துணைத் தலைவராகவும் ஆனார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் கொண்டுவந்த மசோதாவும், அதற்காக வாங்கிய வசவும் தனிக் கதை. அதை இன்னொரு இதழில் எழுதுகிறேன். அவர் பேரைச் சொன்னால் நமக்கு அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியும் அவ்வை இல்லமும் ஞாபகம் வரும்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

செங்கல்பட்டு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் ஜங்ஷன், கொளவாய் ஏரி, கோட்டை, ஆஸ்பத்திரி, இவ்வளவுதான் தெரியும். மகாபலிபுரம் போகிறவர்கள் இங்கே இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போவார்கள். இந்த ஊரில் 1929 பிப்ரவரி 17, 18 இரண்டு நாளும் ஒரு மாநாடு நடந்தது. ஈ.வெ.ரா. பெரியாரின் சுயமரியாதை இயக்கம் நடத்திய முதல் மாகாண மாநாடு. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை வகித்தார். ஜாதி ஒழிய வேண்டும், பேருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் வேண்டாம் என்றெல்லாம் தீர்மானம் போட்டார்கள். அதைப் பற்றிப் பேசாதவர்கள் கிடையாது. எனக்கு முக்கியம் பெண்களைப் பற்றிப் போட்ட தீர்மானங்கள்தான்.

என்னென்ன தெரியுமா? குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் ஆணோடு சமமான வாரிசு உரிமை. பெண்ணுக்குப் பதினாறு வயது தாண்டித்தான் கல்யாணம். ஒத்துப்போகாவிட்டால் விலகிக்கொள்ள இரண்டு பேருக்கும் உரிமை. விதவை மறுமணம் செய்துகொள்ளலாம், தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்கலாம். எந்த வேலைக்குத் தகுதி இருக்கிறதோ அந்த வேலைக்குப் பெண் போகலாம். ஆரம்பப் பள்ளிகளில் பெண்களையே வாத்தியாராகப் போட வேண்டும்.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அப்போது நாட்டில் பால்ய விவாகத்துக்குச் சட்டமே இல்லை. அதே 1929 செப்டம்பரில்தான் சாரதா சட்டம் வந்தது. அதிலும் பெண்ணுக்குப் பதினாலு வயது என்றுதான் வைத்தார்கள். பொம்மையை வைத்து விளையாடுகிற வயதில் தாலி கட்டிய காலத்தில், எங்கள் ஊர்ப் பந்தலில் உட்கார்ந்து பதினாறு என்று சொல்லியிருக்கிறார்கள். தாலியறுத்த பெண்ணைத் தலையில் முக்காட்டோடு மூலையில் உட்கார வைத்த காலத்தில், அவளே மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கு மாவு இடிப்பவள் நான். அந்த இயக்கத்துக்காரர்கள் சொன்ன எல்லாமும் எனக்கு ஒத்துவராது. ஆனால் சொத்தைப் பற்றிச் சொன்னதில் என்ன தப்பு இருக்கிறது, சொல்லுங்கள்?

அடையாறுக்காரர்கள் ஓட்டைக் கேட்டார்கள். செங்கல்பட்டுக்காரர்கள் பட்டாவைக் கேட்டார்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிதான் என்பதற்கு 1921-ஐ விட வேறு சாட்சி வேண்டுமா?

தீர்மானம் போட்டதும் சட்டமாகிவிடுமா என்ன! ஓட்டு விஷயம் அதைவிடச் சீக்கிரம் நகர்ந்தது. 1931-லேயே பக்கத்து இலங்கையில் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு வந்துவிட்டது. ஆண், பெண் பேதமில்லை, சொத்தும் கேட்கவில்லை. 1932-ல் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி கொழும்பில் ஜெயித்து அங்கே சட்டசபைக்கே போனார். நமக்கு அப்படி வரவில்லை. 1935 சட்டத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கும், சொத்துள்ளவன் பெண்டாட்டிக்கும் ஓட்டு என்று வைத்தார்கள். புருஷன் பேரில் நிலம் இருந்தால் உனக்கு ஓட்டு! 'எங்களை எங்களுக்காக எண்ணுங்கள், பெண்டாட்டி என்பதற்காக எண்ண வேண்டாம்' என்பதுதான் மாதர் சங்கங்களின் வாதம். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1937 தேர்தலில் ஜெயித்த ருக்மணி லட்சுமிபதி அம்மையார் சென்னை சட்டசபையின் துணை சபாநாயகரானார். 1946-ல் சுகாதார மந்திரியுமானார். முழு ஓட்டுரிமை வந்தது 1950-ல், நம் அரசியல் சட்டத்தோடுதான்.

அப்போதும் ஒரு கூத்து நடந்தது. முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனபோது வடநாட்டில் பல பெண்கள் தங்கள் பேரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே சொன்னார்கள். தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், பேர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை என்று. கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள் அந்த முறை ஓட்டுப் போட முடியாமல் போனது. அடுத்த தேர்தலுக்குள் பேரைச் சொல்லிச் சேர்ந்துவிட்டார்கள் பலரும். நமக்கு அந்தக் கஷ்டம் வேறு இடத்தில் வருகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சொத்து விஷயம் நத்தை மாதிரி ஊர்ந்தது. 1937-ல் விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு என்று ஒரு சட்டம், ஆனால் ஆயுசு வரைக்கும்தான். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பா உயில் எழுதாமல் காலமானால் அவர் சுயமாகச் சம்பாதித்ததில் மனைவி, மகன், மகள், அவருடைய அம்மா எல்லோருக்கும் சம பங்கு என்று அது சொன்னது. பெண் கையில் இருக்கும் சொத்து அவளுக்கே முழுச் சொந்தம் என்றும் சொன்னது. பெரிய விஷயம்தான். ஆனால் பரம்பரைச் சொத்து என்கிறோமே, தாத்தா வழி வந்தது, அதில் பிறக்கும்போதே பங்கு ஆண்பிள்ளைக்கு மட்டும் என்பது அப்படியே இருந்தது. நம் கிராமங்களில் நிலம் என்றால் பெரும்பாலும் அதுதானே?

அதைத் தமிழ்நாட்டில் மாற்றியது 1989-ல். அந்த வருஷம் மார்ச் 25-ஆம் தேதியிலிருந்து பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை. எங்கள் ஊர்த் தீர்மானம் 1929 பிப்ரவரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது வருஷம் முடிந்து ஒரு மாதம். அறுபதாம் கல்யாணம் முடிந்த பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்குச் சட்டம் என்ற தாலி ஏறியது!

அதிலும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குக் கிடையாது. இந்த ஒரு வரி எத்தனை வீட்டில் எத்தனை பேரை வெளியே நிறுத்தியது தெரியுமா?

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். பேர் வேண்டாம். அறுபதைத் தொடப் போகிறார். மகாபலிபுரத்துக்கு வடக்கே கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். 1986-ல் கல்யாணமாகி இங்கே வந்தார். அப்பா இறந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் வீட்டுக்கு மணற்பாங்காக ஒரு காணி நிலம், தாத்தா காலத்திலிருந்து. நெல் விளையாது. சவுக்கு வைத்து, நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் வெட்டி விற்பார்கள். அதில் வருகிற காசில் தம்பிகள் பொங்கலுக்கு ஒரு புடவையும் கரும்பும் கொண்டுவந்து வைப்பார்கள். யாரும் அந்த மணலைச் சொத்தாகவே நினைத்ததில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. ஓட்டல் வந்தது, பண்ணை வீடு வந்தது. இப்போது அந்தப் பக்கம் ஒரு சென்ட் என்ன விலை என்று கேட்டால் தலை சுற்றும்.

போன மாசம் சின்னத் தம்பி வந்தான். பையில் ஆப்பிள், மல்லிகைப்பூ.

"அக்கா, ஒண்ணுமில்ல. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஒருநாள் வந்து ஒரு கையெழுத்து. பார்ட்டி கேக்கறான், அக்கா தங்கச்சி கையெழுத்து இல்லாம வாங்க மாட்டேங்கறான்."

"எனக்குத்தான் அதுல பாத்யதை இல்லைன்னு அப்பவே சொன்னீங்களேடா. அப்புறம் என் கையெழுத்து எதுக்கு?"

அக்கா இதைக் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டிருக்கிறார். தம்பிக்குப் பதில் வரவில்லையாம். காபியைக் குடித்துவிட்டு, "நீயும் மாமாவும் யோசிச்சுச் சொல்லுங்க" என்று போய்விட்டான்.

மறுநாள் அக்கா என்னிடம் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. "எனக்குப் பணம் வேணாம்டி. கேட்டா அந்த வீட்டு வாசல்படி அடைச்சுப்போகும். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா கோடிப்புடவை போட யார் வருவா?"

சகோதரிகளே, இந்த ஒரு பேச்சு இருக்கிறதே, இதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. பிறந்த வீட்டு உறவு விட்டுப்போய்விடும் என்ற பயத்தில்தான் பாதிக் கையெழுத்து விழுகிறது. 'கல்யாணத்துக்கு நகை போட்டோம், சீர் செய்தோம், பிரசவம் பார்த்தோம்' என்று கணக்குச் சொல்வார்கள். தம்பியைப் படிக்க வைத்த செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, கவனித்தீர்களா? அவனுக்குப் பைக் வாங்கியது, கடை வைத்துக் கொடுத்தது எல்லாம் பாசம். நமக்குச் செய்தது மட்டும் பங்கு. சட்டமும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. கல்யாணத்துக்குச் செய்த செலவு மகளின் பாகத்துக்கு ஈடாகிவிடாது.

அக்காவிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 1989-க்கு முன் கல்யாணமானவளுக்குக் கிடையாது என்ற அந்த முடிச்சை 2005-ல் அவிழ்த்துவிட்டார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 9 முதல் இந்தியா முழுக்க, கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேதமில்லாமல், பரம்பரைச் சொத்தில் மகளுக்கு மகனுக்குள்ள அதே உரிமை. அப்பா 2005-க்கு முன்னாலேயே போய்விட்டாரே என்று சில வருஷம் குழப்பம் இருந்தது. 2020 ஆகஸ்ட் 11-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது: உரிமை பிறப்பால் வருகிறது, அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று மட்டும், 2004 டிசம்பர் 20-க்கு முன்னாலேயே ரிஜிஸ்டர் செய்து பாகம் பிரித்தோ, விற்றோ முடித்திருந்தால் அதைக் கிளற முடியாது. சும்மா வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டோம் என்று சொன்னால் அவ்வளவு சுலபமாக ஏற்கமாட்டார்கள்.

அதனால்தான் வாங்குகிற பார்ட்டி அக்காவின் கையெழுத்தைக் கேட்கிறான். அவனுக்கு வக்கீல் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை!

இது இந்துக் குடும்பங்களுக்கான சட்டம். கிறிஸ்தவர்களுக்கு வேறு சட்டம், அதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இஸ்லாமியர் வீட்டில் மகளுக்கு மகனின் பாகத்தில் பாதி. இன்னொன்று, அப்பா தானே சம்பாதித்து வாங்கியதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். அதில் நமக்குச் சண்டை போட இடமில்லை. எது பரம்பரை, எது சுயார்ஜிதம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தாய்ப்பத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது மதுராந்தகத்துச் சகோதரிக்கு. கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தம்பி கஷ்டத்தில் இருக்கிறான், நமக்கு வசதி இருக்கிறது, விட்டுக்கொடுக்கிறோம் என்றால் அது உங்கள் மனசு. அப்படிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும், சந்தோஷமாகவே இருக்கிறார்கள். ஆனால் இருப்பது தெரிந்து கொடுப்பது வேறு, இல்லையென்று நினைத்துக் கொடுப்பது வேறு. இன்று ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கிளம்பு என்றால் கிளம்பிவிடாதீர்கள். பத்திரத்தின் நகலை முன்கூட்டியே வீட்டுக்கு வாங்கி, பத்தாம் வகுப்புப் படிக்கிற உங்கள் மகளை விட்டே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 'விடுதலைப் பத்திரம்' என்று தலைப்பில் இருந்தால், உங்கள் பாகத்தை விட்டுவிடுகிறீர்கள் என்று அர்த்தம். 'பொது அதிகாரம்' என்று இருந்தால் உங்களுக்காக விற்கவும் இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிறீர்கள். இரண்டும் 'ஒரு கையெழுத்து' தான், ஆனால் ஒன்றல்ல. இவ்வளவு ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி இருக்கும். வாங்கினீர்களா என்று பாருங்கள். வாங்காத பணத்தை வாங்கியதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் அழுது பயனில்லை. ரிஜிஸ்டர் ஆனபின் அதை மாற்ற கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வருஷக்கணக்கில் இழுக்கும்.

சர்வே நம்பர் தெரிந்தால் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இரண்டு நிமிஷ வேலை. யார் பேரில் இருக்கிறது, முன்னாலேயே விற்றிருக்கிறார்களா, அடமானம் இருக்கிறதா எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

முன்னே சொன்னேனே, பேர் சொல்லாததால் ஓட்டுப் போன பெண்களைப் பற்றி? அது நமக்கு இங்கே வருகிறது. தாசில்தார் ஆபீசில் வாங்குகிற வாரிசுச் சான்றிதழில் உங்கள் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். சில வீட்டில் ஆண்பிள்ளைகள் பேரை மட்டும் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். மனசில் கெட்ட எண்ணம் இல்லாமல்கூட, 'அவள்தான் கட்டிக்கொண்டு போய்விட்டாளே' என்று விட்டுவிடுவது உண்டு. பேர் இல்லையென்றால் உடனே தாசில்தாருக்கு மனு எழுதிப் போடுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று இருக்கிறது. பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். வட்டத் தலைநகரங்களில் அதற்குக் கிளையும் உண்டு. வழக்குப் போடத்தான் போக வேண்டும் என்றில்லை, சந்தேகம் கேட்டுவிட்டு வரலாம். போகும்போது ரேஷன் கார்டு, ஆதார், அப்பாவின் இறப்புச் சான்று, கையில் இருக்கிற பழைய கந்தாய ரசீது வரைக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். இது வேண்டாம், அது வேண்டாம் என்று நாமே தள்ளிவைக்கக் கூடாது. பாட்டி கால ரசீது ஒன்றுதான் சில சமயம் பரம்பரைச் சொத்து என்று காட்டிக்கொடுக்கும்.

எங்கள் தெரு அக்கா அப்படித்தான் போய்க் கேட்டுவிட்டு வந்தார். நானும் கூடப் போனேன். பெஞ்சில் எங்களோடு இன்னும் ஆறேழு பெண்கள், ஒருத்தி கடலோரத்து மீன்காரம்மா, கூடையை வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா தம்பிக்குப் போன் செய்து, "பத்திர நகலைக் கொண்டாடா, மாமா படிச்சுப் பாக்கணுங்கறார்" என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை, பாவம், அவர் பேரைச் சொன்னால் தம்பிக்குக் கோபம் வராது என்று அக்காவுக்குத் தெரியும். "சரிக்கா, ஞாயித்துக்கிழமை கொண்டாறேன்" என்றிருக்கிறான். பூவும் ஆப்பிளும் இல்லாமல் வருகிறானா, அதோடு வருகிறானா என்று அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மதுராந்தகத்துச் சகோதரி, உங்கள் மகள் கட்டுரையில் 1921-ஐ எழுதும்போது 1929-ஐயும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். செங்கல்பட்டு என்று ஊர்ப் பேரையும் போடச் சொல்லுங்கள். டீச்சர் கேட்டால், பக்கத்து ஊர்தானே, நாங்கள் சந்தைக்குப் போகிற ஊர் என்று சொல்லட்டும்.

அடுத்த இதழில் முத்துலட்சுமி அம்மையார் கதையோடு, பல் முளைக்கும் குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருக்கும் மூன்று பேருக்கும் பதில் எழுதுகிறேன்.